எல்லைக்கு வெளியே மூன்று புள்ளிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குக் கணினியைக் கண்டு பயம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்திருந்தேன். சிரம்பானுக்கு வெளியே, பாமாயில் எடுக்கும் பல செம்பனைத் தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளர் வேலை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் நீலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். ஒரு கணினியையும், அதோடு இணைத்த வரைபட இயந்திரத்தையும், தான் எழுதிய நிரல்கள் அடங்கிய ஒரு பெட்டி டிஸ்கெட்டுகளையும் என் தலையில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

புள்ளிவிவரக் கணக்குக்கென்றே உண்டான ஒரு கணினி மொழி அது. பல்கலைக்கழகத்தில் அதன் பெயரைக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு வரி தட்டினால் படம் வரும் என்பார்கள். எனக்கு வந்ததெல்லாம் திட்டுதான். கிடை அச்சுக்குக் கொடுத்த பட்டியலும் குத்து அச்சுக்குக் கொடுத்த பட்டியலும் நீளத்தில் ஒத்துப்போகவில்லை என்று ஒரு நாள். ஓரத்தில் இடம் போதவில்லை, படம் வரைய முடியாது என்று இன்னொரு நாள். ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால் திரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும், அடுத்து என்ன என்பதுபோல. கேட்க ஆளில்லை. தடிமனான கையேடு ஒன்று இருந்தது. அது எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது.

படம் திரையில் சரியாக வந்துவிட்டால் அடுத்த கண்டம் வரைபட இயந்திரம். அதில் கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை என்று நான்கு பேனாக்கள். இயந்திரத்தின் கை ஒரு பேனாவைத் தானே எடுத்துக்கொண்டு தாளின்மேல் ஓடி ஓடிப் புள்ளி வைக்கும், கோடு இழுக்கும், எழுத்து எழுதும். பார்க்க அழகாக இருக்கும். மை காய்ந்துவிட்டால் மட்டும் வெறும் தாளைக் கீறிக்கொண்டு போகும். பாதிப் படத்தில் அப்படி ஆனால் எல்லாம் முதலிலிருந்து. பிரிவுத் தலைவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தமிழர்தான், வெளிநாட்டில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். சத்தம் போட மாட்டார். என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று தாளைப் பார்ப்பார். நான் பேனாவைத் துடைப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

நான் ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். அதே கம்பெனியின் தோட்டம்தான். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டினான். அண்ணி தோட்டத்தில் பூச்சிமருந்து வேலை செய்தார்.

அண்ணிக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய தம்பிக்கு என்னைக் கேட்டிருந்தார்கள், நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அண்ணி என்னிடம் நேரடியாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். “சோறு அடுப்புல இருக்கு” என்று சுவரிடம் சொல்வார். “விளக்க அணைக்கறவங்க அணைக்கலாம்” என்று கதவிடம் சொல்வார். நானும் சுவரைப் பார்த்தே சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். அவர் கொண்டுபோகிற சாப்பாட்டு அடுக்கில் சிவப்புப் பெயிண்டால் அவருடைய செக்ரோல் எண் எழுதியிருக்கும். வேலைக்காரர்களின் பெயர்ப்பதிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. சாப்பாட்டு அடுக்கு மாறிப்போகாமல் இருக்க அதையே எழுதிவைப்பார்கள். தினமும் காலையில் முகம் கழுவும்போது அந்த எண்தான் என் கண்ணில் படும்.

அந்த ஆண்டு செம்பனை ஓலைகளில் புழு. சருகை வைத்துப் பை கட்டிக்கொண்டு அதற்குள் தொங்கும் புழு, நாளாவட்டத்தில் ஓலையைச் சல்லடையாக்கிவிடும். மேலே மருந்தடித்தால் எட்டாது. அதனால் மரத்தின் அடியில் ஆண்கள் இயந்திரத்தால் துளை போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் வரும் பெண்கள் அளந்து மருந்தை ஊற்றிக் களிமண்ணால் துளையை மூடுவார்கள். மருந்து மரத்துக்குள் ஏறி ஓலைக்குப் போகும், ஓலையைத் தின்னும் புழு சாகும். கெட்ட மருந்து. தோலில் பட்டாலே உள்ளே போய்விடும். அது உடம்பில் ஏற ஏற, இரத்தத்தில் நரம்புகளுக்கு வேண்டிய ஒரு பொருள் குறையும். அதனால் கம்பெனி மருந்து வேலைக்காரர்களிடம் அவ்வப்போது இரத்தம் எடுத்துக் கோலாலம்பூரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. வேலைக்குச் சேருமுன் எடுத்த அளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்த்து, நூற்றுக்கு எத்தனை மிச்சம் என்று கணக்கிட வேண்டும். ஆய்வுக்கூடம் வெறும் எண்களைத்தான் டிஸ்கெட்டில் அனுப்பும். அந்த நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கை எங்கள் நிரல்தான் போட்டது. தோட்டங்களுக்கு வந்துபோகும் டாக்டரும் மேனேஜரும் பார்த்தது அந்த நிரல் வரைந்த படத்தை மட்டுமே.

எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. ஒரு படம், ஒரு வேலை, அவ்வளவுதான்.

கம்பெனி இயக்குநர் ஒருவர் வருகை தரப்போகிறார் என்று செய்தி வந்தது. பிரிவுத் தலைவர் என் மேசைக்கு வந்தார். “ரத்தப் படம் எல்லாம் பழைய மாதிரியே இருக்கேம்மா. எழுத்து ரொம்பச் சின்னது, அவருக்குக் கண்ணு தெரியாது. தலைப்பப் பெரிசு பண்ணு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கலர் குடு. கலருக்கு விளக்கம் போடற கட்டம் இருக்கே, அது புள்ளி மேல உட்கார்ந்துருக்கு பாரு, அத நகர்த்து” என்றார். அந்த நிரலில் கைவைக்கவே எனக்குப் பயம். எதைத் தொட்டால் எது உடையும் என்று தெரியாது.

ஒவ்வொன்றாகச் செய்தேன். எழுத்தைப் பெரிதாக்கினால் தலைப்பு தாளுக்கு வெளியே போனது. மேல் ஓரத்தை அகலமாக்கினேன். வண்ணம் கொடுத்தால் எல்லாப் புள்ளியும் சிவப்பாகவே வந்தது. தோட்டத்தின் பெயர்களை எண்களாக மாற்றிக் கொடுத்த பிறகு வழிக்கு வந்தது. விளக்கக் கட்டத்தை வலது மேல்மூலையிலிருந்து எடுத்து இடது கீழ்மூலையில் வைத்தேன், அங்கே காலியாக இருந்ததால். திரையில் பார்க்கக் கச்சிதமாக இருந்தது. தாளைப் பொருத்தி இயந்திரத்தை ஓடவிட்டேன்.

எங்கள் தோட்டத்துக்கு நீலம் கொடுத்திருந்தேன். நீலப் பேனா புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்தது. திடீரென்று தாளின் கீழ் ஓரத்தை நோக்கி ஓடியது. கோட்டின்மேல் நின்றது. இயந்திரத்தின் கை பேனாவைத் தூக்கிக்கொண்டு மேலே திரும்பிவிட்டது. அங்கே புள்ளி எதுவும் விழவில்லை.

மை காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பேனாவைக் கழற்றி முனையை ஸ்பிரிட்டில் துடைத்து, கழிவுத்தாளில் தேய்த்துப் பார்த்தேன். நன்றாக எழுதியது. மறுபடி வரையவிட்டேன். அதே இடத்தில் கீழே ஓடி, நின்று, தூக்கிக்கொண்டு திரும்பியது. நீலப் பேனாவின் இடத்தில் பச்சையை மாட்டிப் பார்த்தேன். பச்சையும் அப்படியே செய்தது. கவனித்தபோது அந்த ஒரு படத்தில் மூன்று முறை அப்படி நடந்தது.

இயந்திரம் கெட்டுவிட்டது, கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். சரி, புள்ளிகளையாவது எண்ணிப்பார்ப்போம் என்று உட்கார்ந்து எண்ணினேன். டிஸ்கெட்டில் இருந்த ஆட்களைவிடத் தாளில் மூன்று புள்ளி குறைவு.

பிறகுதான் நிரலை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பயத்தில் அதுவரை அதை முழுதாகப் படித்ததே இல்லை. முதல் வரியிலேயே, எச்சரிக்கைகளைக் காட்டாதே என்று கணினிக்கு ஒரு கட்டளை. நடுவில் இன்னொரு வரி: குத்து அச்சு அறுபதில் தொடங்கி நூற்றிருபதில் முடிய வேண்டும். முதல் வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். திரையின் அடியில், சில புள்ளிகள் எல்லைக்கு வெளியே இருப்பதால் வரையப்படவில்லை என்று வந்தது. எத்தனை முறை நான் ஓட்டிய படங்களில் அது வாய்மூடி இருந்ததோ, தெரியவில்லை.

எல்லை வரியையும் எடுத்தேன். கணினி தானே அச்சைத் தீர்மானித்துக்கொண்டது. படம் மாறிவிட்டது. இத்தனை நாள் தாள் முழுதும் பரவிக் கிடந்த புள்ளிகள் எல்லாம் மேலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றுக்கு வெகுதூரம் கீழே, வெற்றிடத்தில், மூன்று நீலப் புள்ளிகள். மூன்றும் எங்கள் தோட்டம். ஒன்று எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. பாதிக்கும் எவ்வளவோ கீழே. பாதியைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இந்தப் படத்தோடு போகும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருந்தது.

புள்ளிகளுக்குப் பதிலாக ஆளின் எண்ணையே எழுதச் சொல்ல அந்த மொழியில் ஒரு வழி உண்டு. கையேட்டில் தேடிப் பிடித்தேன். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றைக்கு யோசித்தால், மூன்று பேரும் யார் என்று தெரிந்துகொள்ளத்தான். எங்கள் தோட்டமாயிற்றே. எண்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. மேலே எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிக்கவே முடியவில்லை. கீழே மட்டும் தெளிவாக இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தேன்.

தினமும் காலையில் நான் பார்க்கிற எண்.

அந்த இரத்தம் எடுத்துப் பல வாரம் ஆகியிருந்தது. கோலாலம்பூர் போய், எண்ணாகி, டிஸ்கெட்டில் ஏறி என்னிடம் வருவதற்குள் அண்ணி தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அவருடைய இடது கண்ணிமை துடித்துக்கொண்டே இருந்ததும், சோற்றில் கைவைத்துவிட்டு எழுந்துபோய் வாந்தி எடுத்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. என்னோடு பேசாததால் நானும் என்னவென்று கேட்டதில்லை.

இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.

தலைவர் முதலில் புதிய படத்தைப் பார்த்தார். “யாரு உன்ன ஸ்கேல மாத்தச் சொன்னா?”

“சார், பழைய ஸ்கேல்ல மூணு புள்ளி வெளிய விழுந்துருக்கு சார். பேனா கீழ போய்ட்டுப் போய்ட்டு வந்துச்சு. மிஷின் கோளாறுன்னு நெனச்சேன்.”

அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. முந்தைய அறிக்கைகளில் கையெழுத்து அவருடையது.

“லேப் தப்பா இருக்கலாம்லா” என்றார், மெதுவாக.

“மூணு பேரும் ஒரே தோட்டம் சார். ஒரே கேங்.”

“நான் பேசறேன். டைரக்டர் வந்துட்டுப் போற வரைக்கும் வெளிய பேச வேண்டாம்.”

“நாளைக்கும் அவங்க வேலைக்குப் போவாங்க சார்.”

“தெரியும்மா. நான் பேசறேன்னு சொன்னேன்ல?”

அதில் ஒருவர் என் அண்ணி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் வீட்டு ஆளுக்காகப் படத்தை மாற்றிவிட்டாள் என்பார்களோ என்று தோன்றியது. எண்கள் போட்ட படத்தை இன்னொரு பிரதி எடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது காவலாளி திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பையை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

அன்று மாலை பஸ் ரந்தாவைத் தாண்டியதிலிருந்து எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு போனேன். அண்ணி பின்பக்கம் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜொகூர் பக்கம் ஓட்டம் போயிருந்தான்.

“அண்ணி, நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பல மாதங்களில் முதன்முறையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“ஏன்?”

“உங்க ரத்தத்துல மருந்து ஏறிருக்கு. ஆபீஸ்ல பாத்தேன்.”

“எல்லாருக்கும்தான் ஏறிருக்கும். மருந்து வேலையில பாலா ஏறும்?”

“எல்லாருக்கும் இல்ல அண்ணி. உங்களுக்கு ரொம்ப. படம் போட்டுப் பாத்தேன், நீங்க எல்லாருக்கும் கீழ இருக்கீங்க.”

தவறான சொல். அவர் முகம் இறுகிவிட்டது. “நான் கீழதான் இருப்பேன். படிச்சவங்க மேல இருங்க.”

“அய்யோ, அப்படிச் சொல்லல. உங்க கண்ணு துடிக்குதுல்ல? வாந்தி வருதுல்ல? அதெல்லாம் இதுதான்.”

“அது வெயிலு.” துணியைப் பிழிந்தார். கை நடுங்கியதில் துணி நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி அலசினார். “போகாட்டி மண்டோர் ஆப்சென்ட் போட்டுருவான். சீக்குன்னா கிளினிக் டிரெசர் சீட்டு வேணும். கம்பிட்டர் சீட்டு எழுதிக் குடுக்குமா?”

அலசிய துணிகளை வாங்கிக் கொடியில் போட்டேன்.

காலையில் நான் எழுந்தபோது அவர் போயிருந்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அலுவலகத்துக்குச் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. திரும்பித் தோட்டத்துக்குள் நடந்தேன். எந்தக் காட்டில் வேலை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கேட்டுக்கொண்டு, செம்மண் சாலையில் போனேன். அலுவலகச் செருப்பு சேற்றில் புதைந்தது. செம்பனைக் காட்டுக்குள் காலையிலும் வெளிச்சம் குறைவு. துளை போடும் இயந்திரத்தின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு வரிசையாக நுழைந்து நுழைந்து பார்த்தேன். சத்தம் வலப்பக்கம் கேட்கும், நடந்தால் இடப்பக்கம் போய்விடும். ஓடினேன் என்றே நினைக்கிறேன்.

அண்ணி ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைத்துணி அவிழ்ந்து கிடந்தது. தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல வேர்வை. வாயோரத்தில் எச்சில் வழிந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கத்தில் நின்றார், மற்ற பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“வெயில் மயக்கம்லா. கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிரும்” என்றார் மண்டோர்.

“வெயில் எங்கண்ணே இருக்கு இங்க?” என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார். ஓலைக் கூரைக்கு மேலே எங்கேயோ இருந்தது வெயில்.

“அண்ணி, என்னப் பாருங்க” என்றேன். பார்த்தார். கண்மணி இரண்டும் ஊசிமுனைபோலச் சுருங்கிக் கிடந்தன. “மங்கலா இருக்கு” என்றார். மூச்சு விசில் அடிப்பதுபோலக் கேட்டது. அவருக்கும் பயம் வந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

குலை ஏற்றும் டிராக்டரில் படுக்கவைத்துத் தோட்டத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தோம். டிரெசர் வயதான மனிதர், கெட்டவர் இல்லை. நாடி பிடித்துப் பார்த்து, “வாயுக்கோளாறு மாதிரி இருக்கு” என்று வயிற்றுக்கான மிக்சர் மருந்தை ஊற்றப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டேன். கண்ணாடிக் கிளாஸ் விழுந்து உடைந்தது.

“பூச்சிமருந்து விஷம் ஏறிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“வேனுக்கு மேனேஜர் சொல்லணும்மா. அவர் இல்ல. ஆபீஸ் கிராணிகிட்டக் கேட்டு…”

அதற்குமேல் நான் கேட்கவில்லை. வெளியே, கிளினிக்குக்கு எதிரே, ஜவுளி விற்க வரும் பாய் தன் வேனை நிறுத்திப் புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புடவைகளை அப்படியே சுருட்டி ஒரு பெண் கையில் திணித்தார். “பின்னால ஏத்துங்க, பின்னால ஏத்துங்க” என்று கதவைத் திறந்தார். துணி மூட்டைகளின்மேல் அண்ணியைச் சாய்த்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். போர்டிக்சன் சாலையில் ராணுவ முகாம் வேலி ஓரமாக வேன் பறந்தது. அண்ணியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை இறங்கியது ஏறத் தாமதமானது. “பாய், சீக்கிரம்” என்று கத்தினேன். “யா அல்லா, போய்ட்டுத்தாம்மா இருக்கேன்” என்றார் அவர், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.

ஆஸ்பத்திரியில் தாதி, தோட்டத்துப் பெண், மருந்து என்று கேட்டதுமே முகத்தை மாற்றிக்கொண்டார். “குடித்தாளா?” என்று மலாயில் கேட்டார். தோட்டங்களில் மருந்து என்றால் அவர்களுக்குத் தற்கொலைதான். வீட்டில் சண்டையா, புருஷன் அடித்தானா, எத்தனை மூடி குடித்தாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி. குடிக்கவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். அண்ணி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

அப்போது டாக்டர் வந்தார். இளம் வயது மலாய்ப் பெண். பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து உளறினேன். “இது இவர் எண். இது பல வாரத்துக்கு முன்னால் எடுத்த இரத்தம். இவர் குடிக்கவில்லை. கையில் ஊற்றுகிற வேலை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது.”

அவர் அச்சில் இருந்த எழுத்துகளைப் படித்தார். அடியில் இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தார். “இவ்வளவு குறைவாகவா? இதற்குப் பிறகும் வேலைக்குப் போனாரா?” என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. அண்ணியின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தாதியிடம் ஊசியின் பெயரைச் சொன்னார். உடுப்பைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையிலேயே பெரிய பயம். ஜவுளி பாய் ஒரு கோப்பை மைலோ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். எனக்கு அப்போதும் அந்தப் படம்தான் கண்ணுக்குள் வந்தது. கீழே, அவ்வளவு வெற்றிடத்தில், ஒற்றை எண். இன்னும் கீழே போனால் என்ன என்று மனம் அச்சை இழுத்துக்கொண்டே போனது.

மேலும் சில ஊசிகளுக்குப் பிறகு, பகல் சாயும் நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, மூச்சு சீராகிவிட்டது என்றார். உள்ளே போனேன். அண்ணிக்கு வாய் வறண்டு நாக்கு ஒட்டியிருந்தது; ஊசியின் விளைவாம். “மத்தவங்க?” என்பதுதான் அவர் கேட்ட முதல் வார்த்தை. “உன் படத்துல வேற யாரு கீழ இருக்கா?”

மற்ற இரண்டு எண்களையும் சொன்னேன். அவருக்கு இருவரையும் தெரியும். ஒருத்தி அடுத்த லயத்து வீட்டுக்காரி, கைக்குழந்தைக்காரி. அண்ணி எழுந்து உட்காரப் பார்த்தார். தோட்டத்துக்குப் போகிறேன் என்று பாய் கிளம்பியபோது அந்த இரண்டு பேரின் வீட்டிலும் சொல்லச் சொல்லி அனுப்பினோம். அன்றைக்கே இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்திக்குப் படுக்கை கொடுத்தார்கள். மற்றவளைப் பார்த்துவிட்டு, மருந்துப் பக்கம் போகக்கூடாது என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த முறை நான் அலுவலகம் போனபோது வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். தலைவர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“நான் அன்னைக்கே போன் பண்ணேன். மேனேஜர் கெடைக்கல. கிராணிகிட்டச் சொல்லிவெச்சேன்” என்றார். உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “உன் அண்ணின்னு ஏன் சொல்லல?”

“பயம் சார்.”

அவர் தலையாட்டினார். “அந்த அச்ச ஜீரோவுல தொடங்கிப் போட்டுக் குடு. எல்லாத் தோட்டத்துக்கும். பாதியில ஒரு சிவப்புக் கோடு கிழி” என்றார். போட்டேன். இயக்குநர் வந்தபோது அவர் அந்தப் படங்களைத்தான் காட்டினார். நான் அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே குரல்கள் உயர்ந்தன. தலைவர் வெளியே வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. எங்கள் தோட்டத்தில் துளைபோட்டு மருந்து ஊற்றுவதை நிறுத்தினார்கள். மற்ற தோட்டங்களில் கையுறையும், ஆளை முறைமாற்றுவதும் வந்தன. அவருக்குப் பதவி உயர்வு வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

நீலாய்க்குப் போன அந்த முன்னவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்த எல்லையை ஏன் போட்டீர்கள் என்று. அவர் ஒளிக்கவில்லை. “முதல் தடவ போட்டப்ப எல்லாரும் எண்பதுக்கு மேலதான் இருந்தாங்க. எல்லாத் தோட்டமும் ஒரே அளவுல தெரியட்டும்னு பூட்டிட்டேன். அப்புறம் வார்னிங் வந்து வந்து தொல்லையா இருந்துச்சு, அதையும் அணைச்சிட்டேன்” என்றார். பிறகு, “யாருக்காவது ஏதாவது ஆச்சாம்மா?” என்றார். சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

அதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் அதிகப் பயத்தைக் கொடுத்தது. இருந்திருந்தால் ஒருவரைத் திட்டிவிட்டு ஆறுதலாக இருந்திருக்கலாம்.

அண்ணியைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். மருந்து வேலைக்கு இருந்த கூடுதல் கூலி போனதில் அவருக்குக் கோபம்தான். “உன் கம்பிட்டர் குடுக்குமா?” என்று கேட்டார், என்னைப் பார்த்தே. மாதங்கள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். டிஸ்கெட் வந்த அன்று காலையில் அதைக் கணினியில் போடவே கை வரவில்லை. மற்ற வேலைகளை எல்லாம் முடித்தேன். பேனாக்களைத் துடைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு நிரலை ஓட்டினேன்.

அடியில் யாரும் இல்லை. சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே ஒருத்தி. அதற்கும் மேலே, கூட்டத்தோடு கூட்டமாக, அண்ணி.

மாலையில் அவரிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“மேலயா?”

“மேல அண்ணி.”

“எல்லாருக்கும் மேலயா?”

“இல்ல. நடுவுல.”

“நடுவுலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, வெங்காயத் தட்டை என் பக்கம் தள்ளினார்.